வாய்க்கால் மேடேறாது: பாலைவன அடிவாரத்தில் லைடார் கொண்டு பழந்தடம் தேடுவோருக்கு

நான் முதன்முதலில் கண்டுபிடித்த பழங்கால வாய்க்கால், மண்ணுக்கடியில் போகும் ஓர் எரிவாயுக் குழாய். திரையில் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. கிலோமீட்டர் கணக்கில் நீளம், சீரான அகலம், இருபுறமும் மெல்லிய கரை. நேரில் போய் நின்றால் வரிசையாக மஞ்சள் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் 'இங்கே தோண்டாதீர்' என்ற எச்சரிக்கை. வீடு திரும்பி அதே கோட்டின் உயரங்களை வரிசையாகப் பார்த்தேன். அது ஒரு குன்றில் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. தண்ணீர் அப்படிப் போகாது என்று சொல்ல லேசர் எதுவும் வேண்டாம். வயலுக்கு நீர் பாய்ச்சிய யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

வானிலிருந்து லேசர் வீசி நிலத்தை அளக்கும் லைடார் முறையைக் கொண்டு தொல்லியல் தடங்களைத் தேடுவது எப்படி என்பதைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல முயல்கிறேன். களம் தெற்கு அரிசோனா, சொனோரப் பாலைவனத்தின் மலையடிவாரங்கள். பழகிக்கொள்ள இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. தரவு இலவசம். மரச்செறிவு இல்லை. ஏறக்குறைய கி.பி. 450 முதல் 1450 வரை இங்கே வாழ்ந்த மக்கள், தொல்லியலார் ஹோஹோகம் என்று அழைப்பவர்கள், மண்ணையும் கல்லையும் நகர்த்தி நீரைத் திருப்பியவர்கள். அவர்கள் விட்டுப்போன வாய்க்கால்கள் எவ்வளவு உறுதியானவை என்பதற்குப் பீனிக்ஸ் நகரமே சாட்சி. 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரி வெள்ளாமை தொடங்கினார். பழைய ஊரின் சாம்பலிலிருந்து எழுந்தது என்ற பொருளில்தான் அந்தப் பெயரே வந்தது. 1930இல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் நீல் ஜட், ராணுவ விமானத்தில் பறந்து அந்த வாய்க்கால்களைப் படமெடுத்தார். மேலிருந்து பார்க்கும் வழக்கம் இங்கே புதிதல்ல. கருவிதான் புதிது.

லேசர் என்ன அளக்கிறது

விமானம் பறந்தபடியே விநாடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒளி தரையில் பட்டுத் திரும்பும் நேரம்தான் அளவு. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து போய்வர ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு. விமானம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை ஜிபிஎஸ் கருவியும் சாய்வுமானியும் பதிவு செய்கின்றன. எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான புள்ளிகள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆயங்கள். இந்தத் திரளைப் புள்ளிமேகம் என்பார்கள்.

கம்போடியா, குவாத்தமாலா காடுகளைப் பற்றிய செய்திகளில் 'மரங்களை நீக்கிப் பார்க்கும் கண்' என்று லைடாரைப் புகழ்வார்கள். பாலைவனத்தில் அந்தப் புகழ்ச்சி பாதி வீண். இங்கே நீக்குவதற்கு மரம் ஏது? கிரியோசோட் புதர், மெஸ்கிட், பாலோ வெர்டே, இடையிடையே சவாரோ கள்ளி. செயற்கைக்கோள் படத்திலேயே தரை தெரியும். ஆனால் தரையின் நிறம் தெரிவது வேறு, அதன் மேடுபள்ளம் தெரிவது வேறு. வண்டலால் முக்கால்வாசி மூடிப்போன வாய்க்காலுக்கும் அதன் பக்கத்து மண்ணுக்கும் நிறத்தில் வித்தியாசமே இருக்காது, உயரத்தில் ஒரு சாண் இருக்கும். லைடார் இங்கே பிடிப்பது அந்த ஒரு சாணைத்தான்.

எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தரவை இறக்கிவிட்டு, 'என்ன கிடைக்கிறது பார்ப்போம்' என்று உட்கார்வார்கள். தரவால் காட்டவே முடியாத ஒன்றைத் தேடி ஒரு மாதம் போய்விடும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் நாடு முழுவதும் நடத்தும் உயர அளவைத் திட்டத்தில், பரவலாகக் கிடைக்கும் தரம் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 புள்ளி. அதாவது புள்ளிக்குப் புள்ளி சுமார் 70 சென்டிமீட்டர் இடைவெளி. உயரப் பிழை திறந்த நிலத்தில் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இதற்கு மேற்பட்ட தரத்தில் சதுர மீட்டருக்கு 8 புள்ளி.

இப்போது களத்தை எண்ணிப் பாருங்கள். டூசான் நகருக்கு வடமேற்கே மரானா பகுதியின் சரிவுகளில் பல்லாயிரம் கற்குவியல்கள் இருக்கின்றன. தொல்லியலாளர்கள் சுசான் ஃபிஷும் பால் ஃபிஷும் பல ஆண்டுகள் ஆய்ந்தவை. குவியலின் கற்கள் ஈரத்தைப் பிடித்து வைக்க, அதில் கற்றாழை இனமான அகாவே வளர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு குவியலும் ஓரிரு மீட்டர் அகலம், முழங்காலுக்குக் கீழான உயரம். சதுர மீட்டருக்கு 2 புள்ளித் தரவில் அதன்மேல் நான்கைந்து புள்ளி விழுந்தால் அதிர்ஷ்டம். அது கற்குவியலா, புதரடியில் திரண்ட மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தேட வேண்டுமானால் ட்ரோனில் தாழப் பறந்து, சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் புள்ளி எடுக்க வேண்டும்.

மாறாக, பந்தாட்டக் களம் எனப்படும் நீள்வட்டப் பள்ளத்தைப் பாருங்கள். இருபுறமும் மண்கரை எழுப்பி, நடுவைக் குடைந்திருப்பார்கள். பல மீட்டர் அகலம். வாய்க்காலோ அகலத்தில் சிறிதானாலும் நீளத்தில் பெரிது. ஓரிடத்தில் மங்கினாலும் அடுத்த நூறு மீட்டரில் கண் அதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். இலவசத் தரவில் தேட ஏற்றவை இவைதான். நான் கையாளும் கணக்கு இது: தேடும் பொருளின் குறுகலான பக்கத்தில் ஐந்தாறு பிக்சலாவது விழ வேண்டும். நீண்ட கோடாக இருந்தால் இரண்டு மூன்றும் போதும்.

தெரிந்த இடத்தில் தொடங்குங்கள்

கத்தலீனா மாநிலப் பூங்காவில் ரொமேரோ சிதைவிடம் இருக்கிறது. டூசானுக்கு வடக்கே, சாந்தா கத்தலீனா மலையின் அடிவாரத்தில் ஓடைகளுக்கு மேலே ஒரு திட்டு. ஹோஹோகம் ஊர், சுற்றுமதில், குப்பைமேடுகள், இரண்டு பந்தாட்டக் களங்கள், பிற்காலத்தில் ரொமேரோ குடும்பத்தார் கட்டிய பண்ணைவீட்டின் சுவர்கள், எல்லாம் ஒரே திட்டில். பார்வையாளர்களுக்கு நடைபாதையும் விளக்கப் பலகைகளும் உண்டு. அதாவது விடைத்தாள் கையில் இருக்கும் பரீட்சை. திரையில் நீங்கள் கண்டதை அங்கே போய் நின்று சரிபார்க்கலாம். சரியானவை எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதைக் கண் ஒருமுறை பழகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தெளிவாகத் தெரிவதையெல்லாம் பழையது என்று நம்பத் தொடங்கிவிடும். உண்மையில் மிகத் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் புல்டோசரின் வேலை.

தரவை இறக்குவது எளிது. நிலவியல் ஆய்வகத்தின் நேஷனல் மேப் தளத்திலோ ஓபன்டோபோகிராஃபி தளத்திலோ வரைபடத்தில் கட்டம் போட்டால் பட்டியல் வரும். இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, ஏற்கெனவே செய்து வைத்த உயர மாதிரி, அதாவது 1 மீட்டர் கட்டங்களாகத் தரையின் உயரத்தைச் சொல்லும் படம். மற்றொன்று, மூலப் புள்ளிமேகம். முதல் வாரம் உயர மாதிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குச் செலவில்லை. வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். மேடுபள்ளத்தை ஒளியும் நிழலுமாகக் காட்டும் நிழல்படங்களுக்கு, ஸ்லோவேனியாவின் அறிவியல் அகாதெமி ஆய்வு மையம் வெளியிடும் ஆர்விடி கருவித்தொகுப்பு. இது கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே செருகியாகவும் கிடைக்கிறது. ஆயமுறையாக யுடிஎம் 12 வடக்கு மண்டலத்தைத் தேர்ந்தால் ஏறக்குறைய அரிசோனா முழுவதற்கும் மீட்டர் கணக்கில் அளக்கலாம்.

நிலத்தைப் பிரிக்கும்போது சுவரும் போய்விடலாம்

உயர மாதிரியில் நீங்கள் பார்ப்பது நிலம் அல்ல, 'இது நிலம்' என்று ஒரு நிரல் தீர்மானித்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 2 என்றால் தரை; 3, 4, 5 தாவரம்; 6 கட்டடம்; 1 என்றால் வகைப்படுத்தாதது. நிரலை ஆக்கியவர்களுக்கு வெள்ள வரைபடம் வேண்டும், சாலை வேண்டும். நடுவே இரண்டடி உயரக் கல்வரிசை துருத்தினால் அது புதர் என்று கழித்துவிடுவதில் அவர்களுக்கு நட்டமில்லை, நமக்குத்தான் நட்டம். மலைச்சரிவில் இது இன்னும் மோசம். செங்குத்தான பாறையை விளிம்போடு வெட்டி எறிந்து, அங்கே வழவழப்பான சரிவை இட்டு நிரப்பியிருக்கும்.

அதனால் சந்தேகமான இடத்தில் மூலப் புள்ளிமேகத்துக்குத் திரும்புங்கள். கிளவுட்கம்பேர் மென்பொருளில் திறந்து, 1, 2 இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு குறுக்குவெட்டுப் பாருங்கள். தரைக்கோட்டுக்கு மேலே ஒழுங்கான ஒரு திமில் இருந்தால், நிரல் எதையோ தின்றிருக்கிறது. நீங்களே மறுபடி பிரிக்க, புள்ளிமேகத்தைக் கையாளும் பிடால் என்ற இலவச நிரல் போதும். அதில் தரைப் புள்ளிகளைப் பிரித்தெடுக்கும் எஸ்எம்ஆர்எஃப் வடிகட்டியில் சரிவுக்கான இயல்பு மதிப்பு 0.15. அடிவாரத்துக்கு அதை 0.3 வரை உயர்த்திப் பாருங்கள். புதர்கள் சில தரையாக நுழைந்துவிடும். நுழையட்டும். சுவரை இழப்பதைவிடப் புதரைச் சகிப்பது மேல்.

படத்தை எப்படி வெளிச்சமிடுவது

எல்லோரும் முதலில் போடுவது நிழல்படம்: வடமேற்கிலிருந்து சூரியன் அடிப்பதாக வைத்துச் சரிவுகளுக்கு நிழல் கொடுப்பது. வடமேற்கில் நிஜச் சூரியன் இங்கே அப்படி நிற்பதே இல்லை. ஆனால் நம் கண் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே கொள்ளும். தெற்கிலிருந்து ஒளியிட்டால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் புரண்டுவிடும். ஒருமுறை செய்து பாருங்கள், ஓடைகளெல்லாம் வரப்புகளாக எழுந்து நிற்கும்.

இதன் குறை வேறு. ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடு மறைந்துபோகும். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகும் வாய்க்கால், வடமேற்கு ஒளியில் இல்லவே இல்லை. எனவே 16 திசை ஒளிகளைச் சேர்க்கும் படத்தையும் உடன் போடுங்கள்.

அடிவாரத்துக்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது உள்ளூர் உயரப் படம். உயர மாதிரியை மங்கலாக்கி, மங்கலானதை மூலத்திலிருந்து கழித்துவிடுவார்கள். மலையின் பெரிய சரிவு கழிந்து, ஒரு சாண் இரண்டு சாண் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். இதைத் தொல்லியலுக்காகச் செம்மைப்படுத்தியவர் ஜெர்மனியின் ரால்ஃப் ஹெஸ்ஸே, 2010இல் வெளியிட்டார். மங்கலாக்கும் ஆரத்தை 15 முதல் 20 மீட்டர் என்று தொடங்கி, வண்ண எல்லையைக் கழித்தல் 0.3 முதல் கூட்டல் 0.3 மீட்டர் வரை இறுக்குங்கள். இறுக்காவிட்டால் எல்லாம் சாம்பல். கவனம்: ஆழமான ஓடையின் கரையோரத்தில் இந்தப் படம் இல்லாத வரப்புகளை உண்டாக்கும். அங்கே வானத்தின் எவ்வளவு பகுதி தெரிகிறது என்று கணக்கிடும் படமும், ஒவ்வோரிடமும் சுற்றிலும் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் திறப்புப் படமும் நம்பத் தக்கவை.

ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரிவதை நான் குறித்துக்கொள்வதில்லை.

நீரும் மாடும் மனிதனும்

இனிதான் உண்மையான வேலை. மென்பொருள் ஒரு வார விஷயம், இதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மலையடிவாரம் என்பது மலையிலிருந்து வெள்ளம் கொண்டுவந்து விசிறியாகப் பரப்பிய சரளையும் மணலும். இயற்கையான நீர் அதில் நேராகச் சரிவோடு கீழே இறங்கும். கிளைக்கும், சேரும், மறுபடி கிளைக்கும். சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டை ஏறத்தாழத் தழுவிக்கொண்டு ஒரு கோடு போனால், அதை நீர் தானாகப் போட்டிருக்காது. மனிதன் போட்டிருக்க வேண்டும், அல்லது மாடு.

மாட்டுத்தடம் பின்னிப் பின்னிப் போகும். ஒன்று நான்காகி மறுபடி ஒன்றாகும். எல்லாத் தடமும் கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டியிலோ குட்டையிலோ போய்க் கூடும். வண்டித்தடம் ஓடையில் இறங்கி எதிர்க்கரையில் ஏறும். குழாய்ப் பாதை எதற்கும் வளையாது, குன்று வந்தாலும் நேராக ஏறும்.

வாய்க்கால் மட்டும் ஏறாது. அதற்கு ஒரு வாட்டம் இருக்கும், அந்த வாட்டம் கடைசி வரை பெரிதாக மாறாது. கியூஜிஐஎஸ்ஸில் உயர வெட்டுமுகக் கருவி இருக்கிறது. சந்தேகமான கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாக வரைந்து, அதன் நீள வெட்டுமுகத்தைப் பாருங்கள். கிலோமீட்டருக்குச் சில மீட்டர் என்று சீராக இறங்கினால் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். நடுவே ஓர் ஓடை அதை அறுத்திருக்கும். அப்போது அறுந்த இரு முனைகளின் உயரத்தையும் அதே வாட்டக் கோட்டில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால், ஓடை பின்னால் வந்தது, வாய்க்கால் முன்னால் இருந்தது. பிறகு குறுக்கு வெட்டுமுகம். சரிவில் வெட்டிய வாய்க்காலின் மண்ணைத் தாழ்ந்த பக்கம்தான் கொட்டியிருப்பார்கள். எனவே ஒரு சிறு பள்ளம், அதற்குக் கீழ்ப்புறம் மட்டும் ஒரு கரை. இருபுறமும் சமமான கரை இருந்து, கோடு சரிவோடு இறங்கினால், அது சேறும் பாறையும் கலந்த வெள்ளம் தன் பாதையோரம் விட்டுச்சென்ற இயற்கைக் கரை. என்னை அதிக முறை ஏமாற்றியது அதுதான்.

இந்த அடிவார வாய்க்கால்கள் கற்பனையல்ல. தென்கிழக்கு அரிசோனாவின் சாஃபர்ட் பகுதியில், கிரகாம் மலையின் கீழ், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து வெகு உயரத்தில், மேட்டு விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குவதுபோல் போகும் வாய்க்கால்களை ஜேம்ஸ் நீலியும் டான் லங்காஸ்டரும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வாட்டத்தை எந்தக் கருவியும் இன்றிப் பிடித்த கை எப்படிப்பட்ட கை என்று நினைத்துப் பார்ப்பேன். அநேகமாகத் தண்ணீரையே மட்டப்பலகையாக வைத்திருப்பார்கள்: விட்டுப் பார்த்து, வெட்டி, மறுபடி விட்டு.

ஆனால் அதே சாஃபர்ட் பகுதியில் இன்னொரு பொறி உண்டு. 1933 முதல் 1942 வரை, பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வேலையற்ற இளைஞர்களைக் கொண்ட குடிமைப் பாதுகாப்புப் படை மண்ணரிப்பைத் தடுக்கக் கல் தடுப்பணைகளும் சம உயர வரப்புகளும் ஏராளமாகக் கட்டியது. லேசருக்கு வயது தெரியாது, வடிவம் மட்டுமே தெரியும். பழையவர்களின் வரப்பையும் அந்த இளைஞர்களின் வரப்பையும் திரையில் பிரிக்க ஓரளவுதான் முடியும். அவர்களுடையவை ஒரே இடைவெளியில், அளவெடுத்தாற்போல், ஓடை ஓடையாக அடுக்கடுக்காக நிற்கும். பழைய விமானப் படங்களை எடுத்துப் பாருங்கள். 1930களின் படத்தில் இல்லாத வரப்பு அதற்கு முந்தையதாக இருப்பது அபூர்வம்.

மேடுகளைப் பற்றிச் சுருக்கமாக. தனித்த வட்ட மேடு கண்டால், தென்கிழக்கு அரிசோனாவின் புல்வெளிகளில் கங்காரு எலியின் வளைமேடா என்று முதலில் கேளுங்கள். சில மீட்டர் அகலத்துக்குக் கட்டிவிடும். புதரடி மண்திட்டுகள் அம்மைத் தழும்புபோல் எங்கும் சீராகப் பரந்திருக்கும். நடுவே பள்ளமும் ஒருபக்கம் மண்ணுமாக இருந்தால், தாது தேடியவர் தோண்டிப் பார்த்த குழி. நீண்ட நேர்க்கோட்டுச் சுருக்கங்கள் படம் முழுதும் ஒரே திசையில் ஓடினால், இரு பறப்புப் பட்டைகள் சரியாகப் பொருந்தாத தையல்.

குறித்தவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள். நான் மூன்றே நிலை வைத்திருக்கிறேன்: 'போய்ப் பார்க்கலாம்', 'இருக்கலாம்', 'மாடு'. மூன்றாவது அடுக்கை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை கண் எங்கே ஏமாறுகிறது என்று சொல்வது அதுதான்.

நேரில் போவதற்கு முன்

நிலம் யாருடையது என்று பாருங்கள். அடிவாரம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி: கூட்டாட்சி நிலம், மாநில அறக்கட்டளை நிலம், தனியார், பழங்குடி நாடுகள். மாநில அறக்கட்டளை நிலத்தில் நடக்கவே பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். தோஹோனோ ஓதம், அகிமெல் ஓதம் மக்கள் தங்களை ஹோஹோகம் மக்களின் வழிவந்தவர்களாகக் கொள்கிறார்கள். அவர்களுக்கு இது 'சிதைவிடம்' அல்ல, முன்னோர் வீடு. அவர்கள் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைக்கவோ ட்ரோன் பறக்கவிடவோ கூடாது. 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டாட்சி நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் அனுமதியின்றித் தோண்டுவதும் தொல்பொருளை எடுப்பதும் குற்றம். பானை ஓடு கண்ணில் பட்டால் படமெடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விடுங்கள். கிடந்த இடம்தான் அதன் பாதி மதிப்பு.

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் வெயில் கொல்லும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையில் பெய்த மழை, நீங்கள் நிற்கும் காய்ந்த ஓடைக்கு எச்சரிக்கையின்றி வந்து சேரும். விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். தாழ்ந்த சூரியன், திரையில் போட்ட நிழலை நிலத்திலேயே போட்டுக் காட்டும். நண்பகலில் அதே வாய்க்காலுக்குள் நின்றுகொண்டு 'எங்கே வாய்க்கால்?' என்று தேடியிருக்கிறேன். கைப்பேசியில் கியூஃபீல்ட் செயலியில் உங்கள் படங்களை ஏற்றிக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. ஒரு சீப்பும் எடுத்துப் போங்கள். தலை வார அல்ல. சோயா கள்ளியின் முள் உருண்டை காலில் ஒட்டினால் கையால் தொடாமல் நெம்பி எறிய.

கல்வரிசைமேல் நடக்காதீர்கள். நீளம், அகலம், உயரம், கல்லின் அளவு, பக்கத்தில் என்ன கிடக்கிறது, இவற்றை எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்றும் எழுதுங்கள்.

யாரிடம் சொல்வது

இணையத்தில் போடாதீர்கள். ஆயங்கள் வெளியான இரவே மண்வெட்டியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டாட்சி நிலத்துத் தொல்லியல் இடங்களின் அமைவிடத்தை அரசே பொதுவாக வெளியிடக் கூடாது என்று மேற்சொன்ன சட்டம் சொல்கிறது. அழகான படம் என்று பகிர்ந்தாலும், பின்னணி மலையின் வடிவை வைத்தே இடத்தைப் பிடித்துவிடுவார்கள்.

நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தின் தொல்லியலாளருக்கு எழுதுங்கள். மாநில நிலமாக இருந்தால் டூசானில் உள்ள அரிசோனா மாநில அருங்காட்சியகம். ஒரு பக்கம் போதும்: நிழல்படம் ஒன்று, உள்ளூர் உயரப் படம் ஒன்று, நீள வெட்டுமுகம், குறுக்கு வெட்டுமுகம், தரவு எந்த ஆண்டுப் பறப்பிலிருந்து வந்தது, புள்ளி அடர்த்தி எவ்வளவு, நேரில் கண்டது என்ன. 'கண்டுபிடித்தேன்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'சரிவுக்குக் குறுக்கே, சீரான வாட்டத்தில், இத்தனை மீட்டர் நீளக் கோடு' என்று எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம்.

எனக்கு வந்த முதல் பதில் இரண்டு வரி. நான் அனுப்பியது பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவான வாய்க்கால், ஆனால் அவர்கள் வரைபடத்தில் அது ஓடைக்கு இந்தப்புறமே முடிந்திருந்தது. அந்தப்புறத்து நானூறு மீட்டரின் வெட்டுமுகத்தையும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.